ஞாயிறு மூன்று மணிக்கு நான் ஏன் போன் எடுப்பதில்லை?



கொஞ்சம் நீளமான பதிவு. தினமும் 45 நிமிடம் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள்தானே, இதையும் பொறுத்துக்கொள்வீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். முக்கியமான விஷயம் கடைசியில் இருக்கிறது. 1994-ல் நம் பள்ளியில் படித்தவர்கள் தயவுசெய்து முடிவுவரை படியுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு யார் கூப்பிட்டாலும் நான் எடுப்பதில்லை என்று சொந்தபந்தங்களிடையே ஒரு புகார் உலவுகிறது. போன மாதம் என் தங்கை மகன் நேரிலேயே வந்துவிட்டான். நான் லேப்டாப் முன்னால் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறேன். திரையில் பதினைந்து இருபது வெள்ளைக்காரர்கள், அவர்களும் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார்கள். பாட்டு இல்லை, பேச்சு இல்லை. பயந்துபோய் அடுப்படிக்குச் சென்று, "அத்தை, மாமா மதம் மாறிட்டாரா?" என்று கேட்டிருக்கிறான். "மாறலடா, தூங்கறார்" என்று என் வீட்டம்மா சொல்லி அனுப்பிவிட்டாள்.

இரண்டுமே இல்லை. அது குவேக்கர் மௌனக் கூட்டம். இங்கிலாந்தில் காலை பத்தரை மணி என்றால் கோடையில் நமக்கு மூன்று மணி, குளிர்காலத்தில் நான்கு மணி. விளக்கம் சொல்ல வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது. உறவுகளுக்கு மட்டுமல்ல. பல ஆண்டுகளுக்கு முன் பிளஸ் டூ வகுப்பில், "1681-ல் வில்லியம் பென் என்ற குவேக்கர் பென்சில்வேனியாவை நிறுவினார்" என்று நான் சொன்னபோது ஒரு மாணவி எழுந்து, "குவேக்கர்னா யார் சார்?" என்று கேட்டாள். "ஒரு கிறிஸ்தவப் பிரிவும்மா. பரீட்சைக்கு வராது, உட்காரு" என்றேன். எனக்கே தெரியாது என்பதுதான் உண்மை. அந்தப் பதில் இத்தனை வருடம் பாக்கி.

* * *

இங்கிலாந்தில் லெஸ்டர்ஷயர் மாவட்டத்தில் ஃபென்னி டிரேட்டன் என்ற கிராமம். அங்கே ஒரு நெசவாளியின் மகனாக 1624-ல் பிறந்தவர் ஜார்ஜ் ஃபாக்ஸ். செருப்புத் தைப்பவரிடம் வேலை பழகினார். 1643-ல், 19 வயதில், மனம் நிலைகொள்ளாமல் வீட்டை விட்டுக் கிளம்பினார். நாட்டில் மன்னருக்கும் பாராளுமன்றத்துக்கும் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். ஊர் ஊராக நடந்து பாதிரியார்களைத் தேடிப்போய்த் தன் மனவேதனையைச் சொன்னார். ஒருவர், "புகையிலை போடு, சங்கீதம் பாடு, சரியாகும்" என்ற மாதிரி யோசனை சொன்னார். இன்னொருவர் பேசிக்கொண்டே தோட்டத்தில் நடந்தபோது ஃபாக்ஸின் கால் தெரியாமல் பூப்பாத்தியில் பட்டுவிட்டது. வீடே தீப்பிடித்தது போல அவர் கோபப்பட்டாராம். இதையெல்லாம் ஃபாக்ஸே தன் நாட்குறிப்பு நூலில் எழுதிவைத்திருக்கிறார்.

நான்கு ஆண்டு அலைச்சலுக்குப் பிறகு 1647-ல் அவருக்கு ஒரு தெளிவு வந்தது. இறைவனின் ஒளி ஒவ்வொரு மனிதருக்குள்ளும் இருக்கிறது, நடுவில் பூசாரி தேவையில்லை, அமைதியாகக் காத்திருந்தால் அது வழி காட்டும். இவ்வளவுதான். கேட்க எளிமையாக இருக்கிறது. விளைவு எளிமையாக இல்லை. எல்லோருக்குள்ளும் ஒளி இருந்தால் பிரபுவுக்குத் தொப்பியைக் கழற்ற வேண்டியதில்லை, கழற்ற மறுத்தார்கள். பெண்களும் கூட்டத்தில் பேசலாம், பேசினார்கள். எப்போதும் உண்மையே பேசுபவனுக்கு நீதிமன்றத்தில் சத்தியம் எதற்கு? சத்தியம் செய்ய மறுத்தார்கள். எதிரிக்குள்ளும் அதே ஒளி இருக்கும்போது அவனை எப்படிக் கொல்வது? போருக்குப் போக மறுத்தார்கள். கடவுளின் வாக்குக்கு நடுங்கு என்று ஃபாக்ஸ் சொன்னதைக் கேலி செய்து 1650-ல் டெர்பி நீதிபதி ஒருவர் வைத்த பட்டப்பெயர்தான் குவேக்கர், அதாவது நடுங்குகிறவர். அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் நண்பர்கள்.

ஆயிரக்கணக்கானோர் சிறைக்குப் போனார்கள். 1664-ல் ரெடிங் நகரத்திலும், 1682-ல் பிரிஸ்டலிலும் பெரியவர்கள் எல்லோரையும் சிறையில் அடைத்தபோது, அவர்களுடைய பிள்ளைகள் தாங்களாகவே கூடி அந்த மௌனக் கூட்டத்தை விடாமல் நடத்தினார்கள். வாத்தியார் இல்லாத வகுப்பு ஐந்து நிமிடம் எப்படி இருக்கும் என்று அறிந்தவன் நான். எனக்கு அது பெரிய அதிசயம்.

கூட்டம் என்றால் என்ன நடக்கும்? நாற்காலிகளைப் போட்டு எல்லோரும் உட்கார்வார்கள். பீடம் இல்லை, படம் இல்லை, தீபம் இல்லை, போதகர் இல்லை. ஒரு மணி நேரம் மௌனம். யாருக்காவது சொல்லியே தீர வேண்டும் என்று உள்ளிருந்து உந்தினால் எழுந்து இரண்டு வார்த்தை சொல்லி உட்காரலாம். யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள். முடிவில் பக்கத்தில் இருப்பவருக்குக் கைகொடுத்து எழுந்துவிடுவார்கள். பேச்சே இல்லாமல் முடிகிற கூட்டங்களும் உண்டு.

* * *

இதைப் படித்துப் படித்து எனக்கு ஆசை வந்துவிட்டது. ஆனால் ஒரு சிக்கல். நம் ஊரில் சிவன் கோயில் இருக்கிறது, பெருமாள் கோயில் இருக்கிறது, பள்ளிவாசல் இருக்கிறது, மாதா கோயில் இருக்கிறது. குவேக்கர் கூட்டம் இல்லை. பக்கத்து மாவட்டத்திலும் இல்லை. இந்தியாவில் குவேக்கர்கள் பெரும்பாலும் வேர் விட்டது மத்தியப் பிரதேசத்தில், ஹோஷங்காபாத், இட்டார்சி பக்கம். நம் ஊரிலிருந்து போக ஒருநாள் ரயில் பயணம் ஆகும். எல்லோரும் சேர்ந்து உட்கார்வதையே வழிபாடாக வைத்திருக்கும் ஒரு வழியைத் தனி ஆள் எப்படிப் பின்பற்றுவது? சேர்ந்திசை பாடத் தனியாகப் போய் நிற்பது மாதிரி அல்லவா?

வரலாற்று வாத்தியாருக்குச் சந்தேகம் வந்தால் வரலாற்றைத்தானே புரட்டுவான். எனக்கு முன்னால் இந்தச் சிக்கலில் யார் யார் இருந்தார்கள் என்று தேடினேன். இரண்டு கதைகள் கிடைத்தன.

முதல் கதை பிரான்ஸ். தெற்கே நீம் நகரத்துக்குப் பக்கத்தில் கோன்ஜெனி என்று ஒரு கிராமம். 1685-ல் பதினான்காம் லூயி புராட்டஸ்டன்ட் மதத்தைத் தடை செய்த பிறகு அந்த மலைப்பகுதியில் பெரிய கிளர்ச்சி நடந்து, இரத்தம் ஓடி, அடங்கியது. அதன் பிறகு வாளை வெறுத்த ஒரு சிறு கூட்டம் ஊருக்குள் மிஞ்சியது. போதகர் இல்லாமல் கூடுவார்கள், காத்திருப்பார்கள், உந்துதல் வந்தால் பேசுவார்கள். குவேக்கர் என்ற ஒரு சாதி மனிதர்கள் கடலுக்கு அப்பால் இதையே செய்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியாது.

அதே காலத்தில் இங்கிலாந்தின் ஃபால்மவுத் துறைமுகத்தில் ஜோசப் ஃபாக்ஸ் என்று ஒரு குவேக்கர் மருத்துவர். அவருக்குச் சில கப்பல்களில் பங்கு இருந்தது. 1778-ல் பிரான்சோடு போர் மூண்டதும் மற்றப் பங்காளிகள் அவர் எதிர்ப்பையும் மீறிக் கப்பல்களில் பீரங்கி ஏற்றி, பிரெஞ்சு வணிகக் கப்பல்களைப் பிடித்துக் கொள்ளையடித்தார்கள். சட்டப்படி அது குற்றமில்லை. அவர் பங்குப் பணமும் வந்தது. அந்தப் பணத்தைத் தொடாமல் தனியே எடுத்துவைத்தார். போர் முடிந்த பிறகு தன் மகனைப் பாரிசுக்கு அனுப்பி, 1785-ல் பத்திரிகையில் அறிவிப்புக் கொடுக்கச் செய்தார். கப்பலை இழந்தவர்கள் வந்து பணத்தைப் பெற்றுக்கொள்ளலாம், என் மதம் இந்தப் பணத்தை அனுமதிக்கவில்லை என்பது அறிவிப்பின் சாரம்.

அந்தச் செய்தி கோன்ஜெனிக்கும் எட்டியது. நம்மைப் போல நினைக்கிற ஆட்கள் உலகத்தில் இருக்கிறார்களே என்று கடிதம் எழுதினார்கள். பட்டாளத்தை விட்டு விலகிய ஜான் த மார்சியாக் என்பவர் அவர்கள் சார்பில் லண்டனுக்குப் போய் வந்தார். 1788-ல் அங்கிருந்து சிலர் கோன்ஜெனிக்கு வந்து பார்க்க, முறையான கூட்டம் அமைந்தது. 1822-ல் கட்டிய கூட்ட இல்லம் இன்றும் நிற்கிறது. திருப்பிக் கொடுக்கப்பட்ட பணம் ஒரு கூட்டத்துக்கு இன்னொரு கூட்டத்தைக் காட்டிக்கொடுத்தது. எந்தப் பிரசங்கமும் செய்யாத வேலை.

இரண்டாவது கதை நார்வே. நெப்போலியன் காலத்துப் போரில் பிரிட்டிஷ் கடற்படையிடம் பிடிபட்ட நார்வே மாலுமிகள் பல ஆண்டுகள் பாழடைந்த சிறைக்கப்பல்களில் அடைபட்டுக் கிடந்தார்கள். ராபர்ட் பார்க்லே என்ற ஸ்காட்லாந்துக் குவேக்கர் எழுதிய நூலின் டேனிஷ் மொழிபெயர்ப்பு அவர்கள் கைக்கு வந்தது. எதிரி நாட்டுக் குவேக்கர்கள் கப்பலுக்கே வந்து பார்த்தார்கள். 1814-ல் விடுதலையாகி ஊர் திரும்பியவர்கள் 1818-ல் ஸ்டவாங்கர் நகரில் சின்னக் கூட்டம் தொடங்கினார்கள். அரசாங்க மதத்தை விட்டதற்காக அபராதம், தொல்லை. 1825-ல் அவர்களில் சிலரும் வேறு சிலருமாக 52 பேர் ஒரு சிறிய பாய்மரக் கப்பலில் நியூயார்க்குக்குக் கிளம்பிப் போய்விட்டார்கள்.

ஆக, ஆளில்லாத ஊரில் இருந்தவன் நான் முதல் ஆள் இல்லை. ஒரு புத்தகம், ஒரு கடிதம், எப்போதாவது வந்து பார்க்கிற ஒரு மனிதர் என்றுதான் இந்த வழியே பரவியிருக்கிறது.

* * *

"சரி மாமா, அது கிறிஸ்தவ மதம்தானே? திருநீறு பூசிக்கொண்டு நீங்கள் எப்படி?" என்று தங்கை மகன் அடுத்துக் கேட்டான். நியாயமான கேள்வி.

இன்று உலகம் முழுக்கக் குவேக்கர்கள் ஏறத்தாழ 4 லட்சம் பேர்தான். அதில் பெரும் பகுதி ஆப்பிரிக்காவில், முக்கியமாகக் கென்யாவில். அவர்களில் பலருடைய கூட்டங்களில் போதகர் உண்டு, பாட்டு உண்டு, பிரசங்கம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிறையப் பிரிவுகள் வந்துவிட்டன. அமெரிக்காவில் 1827-ல் பெரிய பிளவு. பைபிளின் அதிகாரம் முதன்மையா, உள்ளொளி முதன்மையா என்பது சண்டையின் வேர்.

நான் சொல்லும் தாராளவாதக் குவேக்கர் வழி ஒரு மாநாட்டிலிருந்து வலுப்பெற்றது. 1895 நவம்பரில் மான்செஸ்டரில் நடந்தது. டார்வின் வந்து 36 ஆண்டு ஆகியிருந்தது. பைபிளை வரலாற்று ஆவணமாக ஆராயும் அறிஞர்கள் வந்திருந்தார்கள். இதற்கெல்லாம் காதைப் பொத்திக்கொண்டால் இளைஞர்கள் போய்விடுவார்கள் என்று துணிந்து பேசியவர்களில் ஒருவர் ஜான் வில்ஹெல்ம் ரவுண்ட்ரீ. யார்க் நகரத்துச் சாக்லேட் குடும்பத்துப் பிள்ளை. அப்போது வயது 27. கண்பார்வை மங்கிக்கொண்டிருந்தது. 1905-ல் 36 வயதில் இறந்துபோனார். அவர் கனவு கண்ட படிப்பு மையம்தான் 1903-ல் பர்மிங்காமில், இன்னொரு சாக்லேட் முதலாளியான ஜார்ஜ் கேட்பரி கொடுத்த வீட்டில் தொடங்கிய உட்புரூக். 1931-ல் வட்டமேசை மாநாட்டுக்குப் போன காந்தியடிகள் அங்கேயும் போய்த் தங்கினார்.

இந்த வழியில் நம்பிக்கை அறிக்கை என்று ஒன்றும் கிடையாது. கையெழுத்துப் போட வேண்டியதில்லை. ஞானஸ்நானம் இல்லை. பிரிட்டிஷ் குவேக்கர்கள் கையில் வைத்திருக்கும் சிறு நூலில் 42 பத்திகள் இருக்கின்றன. அவை கட்டளைகள் அல்ல. கொஞ்சம் ஆலோசனை, நிறையக் கேள்வி. இதைச் செய் என்று சொல்லாமல், இதைச் செய்கிறாயா என்று கேட்கும். வாழ்நாள் முழுக்கக் கேள்வித்தாள் தயாரித்த எனக்கு இந்தப் பாணி பிடித்துவிட்டது. இங்கே கேட்பவனும் நானே, விடை எழுதுபவனும் நானே, திருத்துபவனும் நானே.

ரவுண்ட்ரீயின் அமெரிக்க நண்பர் ரூஃபஸ் ஜோன்ஸ், ஹேவர்ஃபர்ட் கல்லூரிப் பேராசிரியர். அவர் 1936-ல் ஒரு காரியம் செய்தார். குவேக்கர்களாகச் சேராமலே, தங்கள் சொந்த மதத்தில் இருந்துகொண்டே, இந்த வழியில் ஈடுபாடு உள்ளவர்களுக்காக ஒரு தோழமை வட்டத்தைத் தொடங்கினார். உலகெங்கும் சிதறிக் கிடந்தவர்களுக்குத் தபாலில் சிறு பிரசுரங்கள் போயின. ஞாயிறு மதியம் தனியாக உட்கார்ந்திருக்கும் என்னைப் போன்ற ஆளை மனதில் வைத்தே 90 ஆண்டுகளுக்கு முன் ஒருவர் யோசித்திருக்கிறார்.

நம் பக்கத்து ஆள் ஒருவரையும் சொல்லியாக வேண்டும். மார்ஜரி சைக்ஸ். 1905-ல் யார்க்ஷயரில் பிறந்து, கேம்பிரிட்ஜில் படித்து, 1928-ல் சென்னை வேப்பேரியில் பெண்டிங்க் பெண்கள் பள்ளிக்கு ஆசிரியையாக வந்தவர். தமிழ் கற்றார். பின்னர் சாந்திநிகேதன், சேவாகிராமம், நீலகிரியில் கோத்தகிரி என்று இந்த நாட்டிலேயே அறுபது ஆண்டுகளுக்கு அருகில் வாழ்ந்தார். இந்தியக் குவேக்கர்களின் வரலாற்றை 1980-ல் நூலாக எழுதியவர் அவர்தான். ஆசிரியராக இருந்து குவேக்கர் ஆனவர் என்பதால் எனக்கு அவர் மேல் தனி மரியாதை.

* * *

இதெல்லாம் படித்துவிட்டு நான் தனியாக உட்கார ஆரம்பித்தேன். ஓய்வு பெற்ற பிறகு இரண்டு வருடம். மாடி அறை, ஒரு நாற்காலி, ஒரு கடிகாரம். முதலில் முழங்கால் வலித்தது, பிறகு பழகிவிட்டது. மனம் அமைதியாக இருந்தது. இரத்த அழுத்தம்கூடக் கொஞ்சம் இறங்கியது. "பரவாயில்லை, கூட்டம் இல்லாமலே நன்றாகப் போகிறது" என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் ஜேம்ஸ் நெய்லரைப் பற்றி விரிவாகப் படித்தேன்.

ஃபாக்ஸுக்கு இணையாக, சிலர் கண்ணில் அவரைவிடப் பெரியவராக இருந்தவர் நெய்லர். அருமையான பேச்சாளர், கனிவான மனிதர். 1656 அக்டோபரில் கொட்டும் மழையில் பிரிஸ்டல் நகருக்குள் குதிரையில் நுழைந்தார். சுற்றிலும் சீடர்கள் துதி பாடிக்கொண்டு வந்தார்கள், ஏசுநாதர் எருசலேமுக்குள் நுழைந்தது போலவே. உள்ளொளி சொல்லிற்று, செய்தேன் என்பது அவர் நிலை. பாராளுமன்றம் நாள்கணக்கில் விவாதித்தது. சவுக்கடி, பழுக்கக் காய்ச்சிய இரும்பால் நாக்கில் துளை, நெற்றியில் சூடு, சிறை. 1660-ல் இறந்துபோனார். தண்டனை கொடுமையானது, அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் குவேக்கர்களைத் தூங்கவிடாமல் செய்தது வேறொரு கேள்வி. எல்லோருக்குள்ளும் ஒளி இருக்கிறது, சரி. எனக்குள் பேசுவது ஒளியா, என் அகங்காரமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அவர்கள் கண்ட பதில், தனியாகக் கண்டுபிடிக்க முடியாது என்பது. 1660-களின் பிற்பகுதியில் ஃபாக்ஸ் நாடு முழுக்கச் சென்று மாதாந்திரக் கூட்டங்களை அமைத்தார். எனக்கு இப்படித் தோன்றுகிறது என்று ஒருவர் சொன்னால், மற்றவர்கள் மௌனத்தில் அதைச் சோதிப்பார்கள். வாக்கெடுப்புக் கிடையாது. திருமணம் செய்ய விரும்புகிறவர்களைக்கூடச் சிலர் உட்கார்ந்து விசாரித்துத் தெளிவுபடுத்துவார்கள். அந்த வழக்கம்தான் பின்னால் தெளிவுக்குழு என்று வளர்ந்தது. மனக்குழப்பம் உள்ளவரைச் சுற்றிச் சிலர் உட்கார்வார்கள். அவர்கள் புத்திமதி சொல்லக் கூடாது. கேள்வி மட்டும் கேட்கலாம்.

நான் சொன்ன அந்த 42 பத்திகளில் ஒன்று, நாம் தவறாக இருக்கக்கூடும் என்பதை எண்ணிப் பார்க்கச் சொல்கிறது. அன்றைக்கு அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். நெய்லரிடமிருந்து என் நினைவு நேராக 1994-க்குப் போனது.

* * *

ஒன்பதாம் வகுப்பு பி பிரிவுக்கு நான் வகுப்பாசிரியர். தஞ்சாவூர், கங்கைகொண்ட சோழபுரம் சுற்றுலாவுக்கு வசூலித்த 640 ரூபாய் என் மேசை இழுப்பறையிலிருந்து காணாமல் போனது. இடைவேளையில் வகுப்பில் இருந்தவன் ஒரே ஒரு பையன். காய்ச்சல் என்று தலையைச் சாய்த்துப் படுத்திருந்தான். இயல்பாகவே திக்கித் திக்கிப் பேசுபவன். நான் கேட்டபோது இன்னும் அதிகமாகத் திக்கினான். எனக்கு அது போதுமானதாக இருந்தது. இவன்தான் என்று என் உள்மனம் சொன்னது. துளிச் சந்தேகம் இல்லை. மறுநாள் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் 400 பேர் முன்னால் அவனை மேடையேற்றி, திருடன் என்று சொல்லி, ஆறு அடி கொடுத்தேன். அதோடு அவன் பள்ளிக்கு வரவில்லை.

அரையாண்டு விடுமுறையில் வெள்ளையடிப்பதற்காக மேசையை நகர்த்தினார்கள். இழுப்பறைக்குப் பின்னால் சரிந்து விழுந்திருந்த உறை கிடைத்தது. ரப்பர் பேண்டு போட்டபடியே 640 ரூபாய். காணாமல் போன பணத்தை ஏற்கெனவே நான் கைக்காசு போட்டுக் கட்டிவிட்டிருந்ததால் யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. உறையைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அவன் வீட்டுக்குப் போகவில்லை. அடுத்த வாரம் போகலாம் என்று நினைத்தேன். முப்பது வருடம் ஆகிவிட்டது. அதுவும் மௌனம்தான்.

இரண்டு வருடம் தனியாக உட்கார்ந்தபோது இது ஒருநாளும் மேலே வரவில்லை. தனி மௌனத்தில் எனக்கு வசதியானது மட்டும்தான் எனக்குக் கேட்டது. அதன் பிறகுதான் இணையக் கூட்டத்தைத் தேடிச் சேர்ந்தேன். கொரோனா காலத்தில் கூட்ட இல்லங்கள் மூடப்பட்டபோது பல கூட்டங்கள் இணையத்துக்கு வந்தன. சில இன்னும் தொடர்கின்றன. முகம் தெரியாத இருபது பேர் நேர்மையாக உட்கார்ந்திருக்கும் இடத்தில் நாமும் உட்காரும்போது பொய்யாக உட்கார்வது கடினம். ஆறாவது வாரமா ஏழாவது வாரமா, அந்தப் பையனின் முகம் வந்தது. பிறகு வாராவாரம் வந்தது.

எனக்குத் தெளிவுக்குழு கிடையாது. அதனால் இருப்பவர்களை வைத்து ஒன்று அமைத்தேன். என் வீட்டம்மா, என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற தமிழாசிரியர். நடந்ததை முதல்முறையாக வாய்விட்டுச் சொல்லிவிட்டு, "புத்தி சொல்லாதீர்கள், கேள்வி மட்டும் கேளுங்கள்" என்றேன். தமிழய்யா நெடுநேரம் கழித்து, "அவர் இப்போ எங்க இருக்கார்னு உங்களுக்கு உண்மையிலேயே தெரியாதா சார்?" என்று கேட்டார். தெரியும். பக்கத்து ஊரில் இருசக்கர வாகனப் பட்டறை வைத்திருக்கிறார். பதினைந்து வருடமாக அந்தத் தெருவைத் தவிர்த்து நான் சுற்றிப் போகிறேன். என் வீட்டம்மா கேட்டது ஒரே கேள்வி. "மன்னிப்பு கேக்கப் போறது அவருக்காகவா, உங்க மனசு ஆறவா?"

பதில் சொல்ல எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று. பிறகு போனேன்.

அவர் ஸ்பேனரைக் கீழே வைக்காமலே கேட்டார். முடித்ததும், "எனக்குத் தெரியும் சார், நான் எடுக்கலன்னு. எங்கம்மாவுக்குத்தான் தெரியாது. அவங்ககிட்ட சொல்லிடுங்க" என்றார். வீட்டுக்கு அழைத்துப் போனார். எண்பது வயதுத் தாய். அவரிடமும் சொன்னேன். "வாத்தியார் சொன்னா பொய்யா இருக்குமான்னு அன்னிக்கு நானும் சேர்ந்து அடிச்சேனே" என்றார் அந்த அம்மா. கொஞ்ச நேரம் கழித்து, "அப்பவே வந்திருக்கலாமே" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. மன்னித்தேன் என்று யாரும் சொல்லவில்லை. அதைக் கேட்டு வாங்குகிற உரிமை எனக்கு இல்லை.

400 பேர் முன்னால் சொன்ன பொய்யை ஒரு வீட்டுக்குள் திருத்தினால் போதாது. அதனால் அவர் அனுமதியோடு இங்கே எழுதுகிறேன். "பேரைப் போடாதீங்க சார், தெரிஞ்சவங்களுக்குத் தெரியும்" என்றார்.

1994-ல் அந்த வழிபாட்டுக் கூட்டத்தில் வரிசையில் நின்ற என் மாணவர்களுக்குச் சொல்கிறேன். அன்று மேடையில் நின்றவர் அந்தப் பணத்தை எடுக்கவில்லை. தவறு முழுக்க என்னுடையது. உங்களில் யாராவது அதற்குப் பிறகு அவரோடு பேசாமல் இருந்திருந்தால், அதற்கும் காரணம் நான்தான். இப்போதாவது போய்ப் பேசுங்கள்.

தங்கை மகனுக்குப் பதில். நான் மதம் மாறவில்லை, குவேக்கராகவும் சேரவில்லை. கூட்டம் பக்கத்தில் இல்லாத ஊரில் இதை முயன்று நான் கற்றுக்கொண்டது இதுதான். மௌனத்தைத் தனியாகப் பழகலாம். ஆனால் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்கிறோமா என்று பார்க்க இன்னும் இரண்டு பேராவது வேண்டும். அவர்கள் ஒரே மதமாக இருக்க வேண்டியதில்லை. கேள்வி கேட்கத் தெரிந்தவர்களாக இருந்தால் போதும்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழய்யாவும் வருகிறார். லேப்டாப்பை மூடிவிட்டு, மாதத்தில் ஒரு ஞாயிறு மாடியில் மூன்று பேரும் சும்மா உட்கார்கிறோம். என் வீட்டம்மா பாதி நேரம் கீரை ஆய்கிறாள். அதற்குத் தடை ஏதும் இல்லை.

பின்னூட்டத்தில் என்னைப் பாராட்ட வேண்டாம். முப்பது வருடம் தாமதமாக வந்தவனுக்குப் பாராட்டுக் கிடையாது என்று உங்களுக்கு வகுப்பில் சொன்னவன் நான்தான். "குவேக்கர்னா யார் சார்?" என்று கேட்ட அந்தப் பெண் இதைப் படித்தால் மட்டும் ஒரு வரி எழுது அம்மா. உன் கேள்விக்குப் பதில் இதுதான். உட்காரச் சொன்னதற்கு வருந்துகிறேன்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்